நிலை வைத்த நாளின் தாம்பாளம்

சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யப் போகிறேன் என்று லூர்துநாதன் சொன்ன அன்று ஞானப்பிரகாசம் கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மனுஷர் சிரித்தார்.

"போ மாப்ள, போயிப் பாரு. நம்ம கதவு தெறந்துதான் கெடக்கும்" என்றார்.

கடலூர் முதுநகரில் ஞானப்பிரகாசம் பெரிய கான்ட்ராக்டர். லூர்துநாதனின் மனைவி ஜெயமேரிக்குத் தாய்மாமன். கல்யாணத்தை முடித்து வைத்தவர் அவர். குடியிருக்கிற வீடு அவருடையது. பதினைந்து வருஷமாக மேஸ்திரி வேலை கொடுத்தவரும் அவரே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால்கூட லூர்துநாதனுக்கு முதலில் தெரிவது பீடம் அல்ல, மாமாவின் முதுகுதான். இப்படிப்பட்ட மனிதர் அடித்தால் வலிக்கும். சிரித்தால் உறுத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக நின்றுவிட்டது.

அவன் பாட்டுக்கு இருந்தவனைக் கிளப்பிவிட்டவர் முஹம்மது யூசுப். பினாங்கில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். கடலூரில் சொந்தக்காரர் வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "கான்ட்ராக்டரு யாருன்னு நான் கேக்கல, கையால கட்டினது யாரு?" என்று கேட்டார். "நான்தாங்க பாய்" என்றான் இவன். "அப்ப சிதம்பரத்துல எனக்கும் நீங்களே கட்டுங்க. நடுவுல இன்னொருத்தர் எதுக்கு?" என்றுவிட்டார் அவர். அந்த வார்த்தை லூர்துநாதனுக்குச் சாராயம் மாதிரி ஏறியது. நடுவில் இன்னொருத்தர் எதுக்கு? வாஸ்தவம்தானே! இந்தச் சின்ன விஷயம் பதினைந்து வருஷமாக நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வீடு வரைக்கும் தனியாகப் பேசிக்கொண்டே நடந்தான்.

கடலூர்க் கொத்தனார்கள் எல்லாரும் மாமாவின் ஆட்கள். அவர்களில் ஒருவனும் வரமாட்டான். அதனால் சிதம்பரம் பக்கம் விசாரித்துப் புவனகிரி ராமாமிர்தத்தைப் பிடித்தான். ராமாமிர்தத்துக்கு லூர்துநாதனைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் நல்ல பெயரும் நல்ல முன்கோபமும் உள்ள கொத்தனார். அவர் வந்தால் அவரோடு ஒரு கூட்டமே வரும்: மச்சான், சித்தப்பா மகன், கல் சுமக்கிற பெண்கள், அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருசம்மாள். அவர் எழுந்தால் எல்லாரும் எழுவார்கள், அவர் உட்கார்ந்தால் உட்காருவார்கள்.

சிமெண்ட் பர்மிட்டில் மட்டும் கிடைத்த காலம் அது. சுண்ணாம்பை அரைத்துத்தான் சுவர். அடித்தளம் எழும்பியபோதே இரண்டு பேருக்கும் லேசாக உரசத் தொடங்கியது. லூர்துநாதன் காலைப் பாசஞ்சரில் வந்து இறங்குவான், வெள்ளைச் சட்டையோடு ஓரமாக நிற்பான். கொஞ்ச நேரம்தான் நிற்பான். பிறகு கை அரிக்கும். "குடுங்கண்ணே, இப்பிடி வைங்க" என்று ராமாமிர்தத்தின் கையிலிருந்த, கலவை அள்ளிப் பூசுகிற கரணையையே வாங்கி ஒரு கல்லை வைத்துக் காட்டுவான். ஒருத்தன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் இலையிலிருந்து ஒரு வாய் எடுப்பதற்குச் சமம் இது. லூர்துநாதனுக்கு அது தோன்றவில்லை. ராமாமிர்தம் பல்லைக் கடித்துக்கொண்டு வாயில் வெற்றிலை இருப்பதாகக் காட்டிக்கொண்டார்.

ஆவணியில் வாசற்கால் நிலை வைத்தார்கள். மழைக்கு முன்னால் சுவரெழுப்பி மச்சு போட்டுவிட்டால் நோன்புக்குப் பிறகு மகள் அஸ்மத்தின் நிக்காஹை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்பது யூசுப் பாயின் கணக்கு. பர்மாத் தேக்கில் இழைத்த நிலை. நிமிர்த்தித் தூக்குக்குண்டு பார்த்து இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்தார்கள். பள்ளிவாசல் லெப்பை பாத்திஹா ஓதினார். சர்க்கரை பகிர்ந்தார்கள். நிலை வைத்தால் மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துத் தாம்பாளம் கொடுப்பது யார் வீடானாலும் மாறாத வழக்கம். அதற்காகவே ராமாமிர்தம் முகம் கழுவி, புதுத் தலைப்பாகை கட்டி, சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி, வாங்க" என்று தாம்பாளத்தை நீட்டினார் யூசுப் பாய்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பதினைந்து வருஷமாகத் தென்னார்க்காடு ஜில்லாவில் எத்தனையோ நிலைகளுக்கு முன்னால் எந்தக் கை நீண்டதோ அந்தக் கை தானாக நீண்டது. லூர்துநாதன் இரண்டடி முன்னால் வந்து, குனிந்து, தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதோடு விட்டானா? துண்டை உதறித் தோளில் வேறு போட்டுக்கொண்டான்.

ராமாமிர்தம் எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அண்டாவுக்குப் போனார். தண்ணீரில் கரணையை அலசினார். கொத்தனார் கரணையைக் கழுவுவது பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போகும்போதுதான். அப்போது வெயில்கூட இன்னும் ஏறவில்லை. கழுவிய கரணையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். பின்னாலேயே அவர் மச்சான், அதற்குப் பின்னால் சித்தப்பா மகன், பெண்கள். கடைசியாக இருசம்மாள் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறினாள்.

"ஏம்மா, எங்க போறீங்க எல்லாரும்? சக்கரை வாங்கலியா?" என்று லூர்துநாதன் கேட்டான்.

"சக்கரை உங்களுக்கே இருக்கட்டும் கான்ட்ராக்டரய்யா. தட்டுதான் உங்களுக்கு ஆயிடுச்சே" என்றாள் இருசம்மாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தோளில் கிடந்த துண்டு திடீரென்று கனத்தது.

கோபம் ரெண்டு நாளில் தணிந்துவிடும் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த வேட்டியையே கட்டிக்கொண்டு பூசைக்கும் போனான். கெட்ட எண்ணம் இல்லை. சொந்த வேலையில் கிடைத்த முதல் வேட்டியை மாமா பார்க்கட்டுமே என்ற சின்ன ஆசைதான். மாமா பார்த்தார். "வேட்டி ஜோரா இருக்குது மாப்ள. செவுரு எந்த மட்டும் வந்திருக்கு?" என்று கேட்டார். லூர்துநாதன் ஜெபப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினான்.

சுவர் எங்கே வந்தது? அடித்தளத்தின் மேல் அந்த ஒற்றை நிலை மட்டும் முட்டுக்கட்டைகளின் தயவில் நின்றது. முன்னாலும் வெளி, பின்னாலும் வெளி. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "கதவு இருக்குது, ஊடு எங்க பாய்?" என்று ஒரு எண்ணெய்க்காரன் கேட்டதாக யூசுப் பாய் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

வேறு ஆள் பிடிக்கலாம் என்று மேலவீதி முனைக்கு விடியற்காலையில் போய் நின்றான். கொத்தனார்கள் கூடுகிற இடம். "யாரு வேல?" என்பார்கள். "யூசுப் பாய் ஊடு." "ராமாமிர்தம் கரண கழுவின வேலையா?" என்பார்கள். அவ்வளவுதான், பீடி பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். ஒருத்தன் மனத்தாங்கலில் கரணை கழுவிய சுவரில் அவன் வாயால் சொல்லாமல் இன்னொருத்தன் கல் வைக்கமாட்டான். எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்த சட்டத்தை மீறுகிற பேர்கள்கூட இதை மீறமாட்டார்கள். லூர்துநாதனுக்கு இது தெரியாதா? கடலூரில் அவனே இரண்டு பேரை இப்படித் தவிக்க விட்டவன்தான்.

நாமே கட்டிவிடுவோம் என்று ஒரு நாள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரணையை எடுத்தான். கலவை குழைக்க ஆள் இல்லை, கல் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. தானே குழைத்து, தானே சுமந்து, தானே வைத்தான். மாலையில் பார்த்தால் ஒரு நாய் தாண்டுகிற உயரத்துக்கு ஒரு மூலை எழும்பியிருந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தான். அழுகை வந்தது. யாரும் இல்லாததால் அழுதான்.

பிறகு வேட்டியைத் துவைக்கச் சொல்லி, வெற்றிலை பாக்குப் பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து, பஸ் ஏறிப் புவனகிரி போனான். ராமாமிர்தம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாங்க வாங்க என்று வாய் நிறைய வரவேற்றார். மோர் வந்தது. மழை எப்போது பிடிக்கும், வெள்ளாற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எல்லாம் பேசினார்.

"அண்ணே, எம்மேல கோவம் வச்சிக்காதீங்க" என்று தாம்பாளத்தை முன்னால் நகர்த்தினான் லூர்துநாதன்.

"எனக்கென்னாங்க கோவம்? முட்டி வலி" என்றார் ராமாமிர்தம். வேட்டியின் ஓரத்தை விரலால் பிடித்துப் பார்த்தார். "தொவச்சி நீலம்கூடப் போட்டிருக்கீங்க. நல்லாருக்குது. நீங்களே கட்டிக்குங்க."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பது இதுதான். பாலத்தருகே பஸ்ஸுக்கு நின்றபோது தாம்பாளத்தை ஆற்றில் வீசிவிடலாமா என்று பார்த்தான். தாம்பாளம் யூசுப் பாய் வீட்டுடையது என்பது ஞாபகம் வந்தது.

அந்த வாரம் யூசுப் பாய் கெடு வைத்தார். "மேஸ்திரி, நான் பொறுமசாலிதான். ஆனா மழை பொறுக்குமா? அடுத்த வெள்ளிக்கெழம ஜும்ஆவுக்குள்ள ஆள் எறங்கலேன்னா உங்க மாமாகிட்டயே குடுத்துடுறேன். கோவிச்சுக்காதீங்க."

மாமாவுக்கு அதற்குள் சேதி போயிருந்தது. அவர் வீடு தேடி வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எங்க ஆளுவள நாளைக்கே எறக்குறேன். ராமாமிர்தமாவது கீமாமிர்தமாவது! வேல எம்பேருக்கு மாறிடும், நீ பழயபடி மேஸ்திரி. ஒண்ணே ஒண்ணு மாப்ள. இந்தச் சொந்தக் கான்ட்ராக்ட் பேச்ச இதுக்கப்பறம் எடுக்கக் கூடாது. எம் மருமவளுக்காகத்தான் சொல்றேன்" என்றார்.

அவர் போனதும் ஜெயமேரி கதவைச் சாத்தினாள். "ஏங்க, சரின்னு சொல்லிடுங்க. இந்த ஊடு அவுரது. நாளைக்கே காலி பண்ணுன்னா எங்க போவோம்?"

"அது தெரிஞ்சிதான் மேரி மூச்சு முட்டுது. நான் எந்தப் பக்கம் திரும்புனாலும் மாமா நிக்கிறாரு. இந்த ஒரு ஊட்டு வாசல்லதான் அவுரு நிக்கல."

"அந்த ஊட்டுல வாசல் மட்டுந்தான இருக்குது" என்றாள் ஜெயமேரி. சொல்லிவிட்டு அவளுக்கே தாங்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, இன்னொரு தரம் போயிப் பாருங்க" என்றாள்.

மறுநாள் சிதம்பரம் மார்க்கெட் வாசலில் இருசம்மாள் கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தாள். லூர்துநாதன் வெட்கத்தை விட்டு அவளிடம் போய் நின்றான். "ஆயா, உன் கால்ல வேணாலும் விழுவுறேன். அவுருக்கு என்னாதான் வேணும்?"

"விழுந்து வைக்காதீங்க, கீர நசுங்கிடும்" என்றாள் அவள். பிறகு இரக்கப்பட்டாள். "வேட்டிக்கு வழியில்லாதவரா அவுரு? நாலு பேரு பாக்க வாங்குனீங்க. மன்னிப்ப மட்டும் கொல்லப்பக்கமா கொண்டாந்து குடுத்தா? அதே எடத்துல, பாய் கையால, எல்லாரும் பாக்க அவுருக்குக் குடுக்கச் சொல்லுங்க. நீங்க ஓரமா நில்லுங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். முதல் வீடு கொடுத்தவரிடம் போய், உங்கள் வீட்டுத் தாம்பாளத்தை நான் தவறுதலாக வாங்கிவிட்டேன் என்று சொல்லவேண்டும். லூர்துநாதன் யூசுப் பாய் குடியிருந்த லால்கான் தெரு வழியாக மூன்று தடவை நடந்து, நாலாம் தடவை படியேறினான். யூசுப் பாய் கேட்டு முடித்துவிட்டு மோவாயைத் தடவினார்.

"ஒரு நெலைக்கு ரெண்டு தடவ பாத்திஹாவா? ஊருல சிரிக்க மாட்டாங்களா?"

உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி சர்புன்னிசா பேசினாள். "இப்ப மட்டும் சிரிக்காமலா இருக்காங்க? ஓதறதுல என்னா கொறஞ்சிடும்? மனுசன் மனசு நொந்து போன நெலைக்குள்ளயா எம் பொண்ணு நொழையணும்? செய்ங்க."

வியாழக்கிழமை காலையில் புது வேட்டி, புதுத் துண்டு வந்தன. சேதி கேட்டு ராமாமிர்தம் கூட்டத்தோடு வந்து இறங்கினார். எண்ணெய்க்காரன்கூட வந்து நின்றான். பாத்திஹா முடிந்தது. யூசுப் பாய், "ராமாமிர்தம் மேஸ்திரி, வாங்க" என்று பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். ராமாமிர்தம் நிலைக்கு முன்னால் வந்து நின்றார், ஆனால் கையை நீட்டவில்லை.

"பாய், கான்ட்ராக்டரு கையில ஒண்ணு இருக்குது. அத மொதல்ல தட்டுல வைக்கச் சொல்லுங்க" என்றார்.

எல்லாரும் லூர்துநாதன் கையைப் பார்த்தார்கள். லூர்துநாதனும் பார்த்தான். கரணை இருந்தது. காலையில் எதையோ சுரண்டிவிட எடுத்தவன் கீழே வைக்கவில்லை. பிடி தேய்ந்து அவன் விரல்களின் அளவுக்கே பள்ளமான கரணை. மாமா கொடுத்ததல்ல, யார் கொடுத்ததும் அல்ல. உலகத்திலேயே அவனுக்கென்று இருந்த ஒரே சாமான் அது.

"ஒரு வேலையில ரெண்டு கொத்தனாரு இருக்க முடியாதுங்க" என்றார் ராமாமிர்தம். குரலில் கோபமே இல்லை. "அவுரு கொத்தனாருன்னா நான் போறேன். நான் கொத்தனாருன்னா இது எங்கிட்ட இருக்கட்டும்."

லூர்துநாதனின் முகம் எரிந்தது. வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பகல் ரயிலைப் பிடித்தால் சாயங்காலம் மாமாவிடம் போய்ச் சேரலாம். அங்கே கரணை உண்டு, தாம்பாளமும் உண்டு, அந்தச் சிரிப்பும் உண்டு. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அவன் கரணையைத் தாம்பாளத்தில் இருந்த துண்டின் மேல் வைத்தான். வைத்த பிறகும் விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

அன்று மத்தியானமே சுவர் எழும்பத் தொடங்கியது. ராமாமிர்தம் வேலை செய்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் கிழக்கு மூலையில் ஒரு வரிசை இம்மி அளவு வெளியே தள்ளுவது லூர்துநாதன் கண்ணுக்குத் தெரிந்தது. "அண்ணே, அந்த மூல..." என்று தொடங்கினான். ராமாமிர்தம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து அண்டாவுக்குப் பக்கத்தில் போய்க் கரணையோடு நின்றார். "ஒண்ணுமில்லண்ணே, நல்லா இருக்குதுன்னேன்" என்றான் லூர்துநாதன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அடுத்த வரிசையில் அந்த மூலை தானாக நேரானது. அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அதன் பிறகு அவன் வாய் திறக்கிறபோதெல்லாம் அவர் அண்டாவைப் பார்த்தார். அவன் கல், சுண்ணாம்பு, மணல் என்று வண்டிக்காரர்களோடு மட்டும் சத்தம் போடக் கற்றுக்கொண்டான். மாமா ஆள் அனுப்பி ஒரு தடவை விசாரித்தார். வேலை நடக்கிறது என்று சொல்லியனுப்பினான். பொய்யில்லை, நடந்தது. ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டபோது மச்சு மூடியாகிவிட்டது. முதல் மழையில் அவன் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தான். ஒரு சொட்டு இறங்கவில்லை. இதில் நான் வைத்தது எந்தக் கல் என்று தேடினான். அந்த நாய் தாண்டுகிற மூலையைக்கூட ராமாமிர்தம் பிரித்து மறுபடி கட்டியிருந்தார்.

குடிபுகுந்த அன்று யூசுப் பாய் வீட்டில் பிரியாணி. ஜெயமேரியும் கடலூரிலிருந்து வந்திருந்தாள். ராமாமிர்தத்துக்கு மறுபடி வேட்டி துண்டு, நிலை இழைத்த ஆசாரிக்கும் வேட்டி துண்டு. கான்ட்ராக்டருக்கு வேட்டி கொடுக்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. அவனிடம் சமையல்கட்டில் புகை போகவில்லை என்று மட்டும் சொன்னார்கள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியபோது யூசுப் பாயின் தம்பி நஸ்ருதீன் வந்து தோளைத் தொட்டார்.

"பரங்கிப்பேட்டையில எனக்கும் ஒண்ணு கட்டணும் கான்ட்ராக்டர். இத விடப் பெருசு. தை பொறந்ததும் ஆரம்பிச்சிடுவோமா? இப்பவே ஒரு வார்த்த சொல்லுங்க."

கான்ட்ராக்டர்! அந்த வார்த்தையை அவன் எத்தனை வருஷமாக மாமாவின் பெயருக்குப் பின்னால் கேட்டிருக்கிறான். ஜெயமேரியின் முகம் மலர்ந்தது. அந்த வீட்டு வருமானம் வந்தால் மாமாவின் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு இடம் பார்த்துவிடலாம் என்று அவள் மனசு அதற்குள் ஓடியிருக்கும். ஆகட்டும் பாய் என்று சொல்ல லூர்துநாதன் வாயைத் திறந்தான்.

திறந்த வாய் அப்படியே நின்றது. அவன் கண் தானாக முற்றத்துக்குப் போனது. அங்கே ராமாமிர்தம் தூணில் சாய்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பரங்கிப்பேட்டையில ஒரு வேல. என்னா சொல்றீங்க?"

ராமாமிர்தத்தின் காதில் விழுந்தது. அவர் நிதானமாக வெற்றிலையை மடித்தார், வாயில் வைத்தார், மெல்லத் தொடங்கினார். நஸ்ருதீன் லூர்துநாதனைப் பார்த்தார். ஜெயமேரியும் பார்த்தாள். லூர்துநாதன் கையைக் கட்டிக்கொண்டு ராமாமிர்தத்தின் வாயையே பார்த்தபடி நின்றான். ஞானப்பிரகாசத்தின் முன்னால்கூட அவன் இவ்வளவு நேரம் நின்றதில்லை.